நிலத்தில் அமர்ந்தே பறக்கக் கற்பித்த எட்வின் லிங்க்

ஹற்றன் நகரிலிருந்து நோர்ட்டன் பிரிட்ஜ் நோக்கிச் செல்லும் பாதையில், மூடுபனி விலகிய காலை வேளைகளில் ஏழு கன்னியர் மலையைக் காணலாம். சிங்கள மக்கள் அதனைச் சப்த கன்யா என்பர். தேயிலைச் செடிகள் முடியுமிடத்திற் காடு தொடங்கி, காட்டுக்கு மேல் பாறை நிமிர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சிகரங்கள் வரிசையாய் நிற்கும் காட்சி அது. 1974ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 4ஆம் திகதி இரவு, ஒல்லாந்து தேசத்து டி.சி. 8 விமானம் ஒன்று அம்மலைத் தொடரில் மோதிச் சிதறியது. இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து ஹஜ் யாத்திரிகர் 182 பேரையும் பணியாளர் 9 பேரையும் ஏற்றிக்கொண்டு வந்து, கட்டுநாயக்காவில் இறங்கி, அங்கிருந்து ஜித்தா செல்லவிருந்த விமானம் அது. 191 பேரில் ஒருவரும் உயிர் தப்பவில்லை. விமானநிலையமோ ஏறக்குறைய 40 மைலுக்கு அப்பால் இருந்தது. தாம் எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகள் பிழையாக மதித்து, நிலையத்தை அண்மிவிட்டதாக எண்ணி, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கினர் என்பதே விசாரணையாளர் கண்ட முடிவு.

இப்படியொரு பிழையை ஒருவன் செய்து, செய்த பின்னும் உயிரோடிருந்து, மறுநாள் அதே இடத்துக்குத் திரும்பி வந்து திருத்திக்கொள்ள முடியுமா? வானத்தில் முடியாது, நிலத்தில் முடியும் என்று செய்து காட்டியவர் ஒருவர் உளர். எட்வின் அல்பேர்ட் லிங்க் என்பது அவர் பெயர். நமது கல்லூரியின் விழா மலர்களில் அருளாளர், புலவர், தலைவர் ஆகியோரின் வரலாறுகளே பெரும்பாலும் இடம்பெறுதல் வழக்கம். அவ்வரிசையில் ஓர் ஓர்கன் தொழிலாளியின் வரலாற்றைச் சேர்ப்பது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். விஞ்ஞானப் பிரிவு மாணவரை மனத்திற் கொண்டே அவரைத் தேர்ந்தோம். அவரது கதையில் கணிதப் பாடத்தினும் பெரிய பாடம் ஒன்றும் உண்டு.

லிங்க் 1904ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள ஹன்டிங்டன் என்னும் ஊரிற் பிறந்தார். 1910இல் அவர்தம் தந்தையார் நியூயோர்க் மாநிலத்துப் பிங்ஹாம்டன் நகரில் நொடிந்துபோன வாத்தியத் தொழிற்சாலை ஒன்றை வாங்கி, அதனை லிங்க் பியானோ ஓர்கன் கம்பெனி எனப் பெயர் மாற்றி நடத்தலானார். பேசாத சினிமாப் படங்களின் காலம் அது. படம் ஓடும்போது இசை வேண்டும். அதற்கெனத் திரையரங்குகளில் பெரிய ஓர்கன்கள் வைக்கப்பட்டன. தாமே இயங்கும் பியானோக்களும் வீடுகளிலும் உணவுச்சாலைகளிலும் மலிந்திருந்தன. இவை யாவும் காற்றினால் இயங்குபவை.

நமது பிரார்த்தனை மண்டபத்து ஆர்மோனியத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு கை துருத்தியை அமுக்க, மறுகை கட்டையை அழுத்த, காற்று தனக்குத் திறந்த வழியிற் புகுந்து நாவை அதிரச் செய்கிறது. தாமே இயங்கும் பியானோவில் இதற்கு மறுதலையான ஏற்பாடு. துளையிட்ட காகிதச் சுருள் ஒன்று நகர்ந்துகொண்டிருக்கும். துளை வந்த இடத்திற் காற்று உள்ளே புகும். சிறு துருத்தியொன்று உறிஞ்சப்பட்டுச் சுருங்கும். அது சுருங்கும்போது சுத்தியலை இழுத்துத் தந்தியில் அடிக்கச் செய்யும். காற்றை ஊதியும் உறிஞ்சியும் பாரமான பொருளை மெதுவாகவோ விரைவாகவோ நகர்த்தும் வித்தையைச் சிறுவன் லிங்க் தந்தையாரின் பட்டறையிற் கையாற் கற்றான். பட்டப்படிப்புப் படித்தவர் அல்லர் அவர். பின்னாளில் அவர் பெற்ற பெருமைக்கெல்லாம் முதல் அந்தப் பட்டறையே.

1920ஆம் ஆண்டில், பதினாறு வயது அளவில், அவர் கலிபோர்னியாவிற் பணம் கட்டித் தமது முதலாவது விமானப் பாடத்துக்குச் சென்றார். நகைச்சுவை நடிகர் சார்ளி சப்ளினின் சகோதரர் சிட்னி சப்ளின் நடத்திய விமானக் களம் அது. கட்டணம் 50 டொலர். அக்காலத்துத் தொழிலாளி ஒருவனுக்குப் பல நாட் கூலி. ஒரு மணி நேரமளவாக விமானி அவரை ஏற்றிக்கொண்டு வானத்திற் குட்டிக்கரணம் போட்டும் சுழன்றும் கட்டடங்களைத் தொடுவதுபோற் பறந்தும் வேடிக்கை காட்டினாரே தவிர, செலுத்தும் தண்டைத் தொடவும் விடவில்லை. இறங்கியபோது லிங்க் அறிந்துகொண்டது, இப்படியாக ஒருவன் ஒன்றையும் கற்க முடியாது என்பது மாத்திரமே. (நம்மிற் சிலர் இத்தகைய ஆசிரியரைப் பிற துறைகளிலும் கண்டிருப்போம்.)

ஆயினும் அவர் பறத்தலைக் கைவிடவில்லை. தந்தையார் விரும்பாதபோதும் சிறிது சிறிதாகக் கற்று, 1927இல் செஸ்னா கம்பெனி விற்பனைக்கு அனுப்பிய முதலாவது விமானத்தை வாங்கி, ஊரூராகச் சென்று சனங்களை ஏற்றிப் பறந்தும் பாடம் சொல்லிக் கொடுத்தும் சீவித்தார். தாம் பட்ட பாட்டைத் தம்மிடம் வரும் மாணவர் படக் கூடாதென்ற எண்ணம் மட்டும் நீங்கவேயில்லை. உண்மையான விமானத்தில் ஏறுமுன், தண்டை இப்படி அசைத்தால் மூக்கு எப்படித் தாழும், மிதியை அழுத்தினால் வால் எப்படித் திரும்பும் என்பதைத் தரையிலிருந்தே ஒருவன் பழகிக்கொண்டால் என்ன? பணமும் மிஞ்சும், உயிரும் மிஞ்சும்.

ஓர்கன் தொழிற்சாலையின் நிலவறையில், வேலை நேரம் போக மிஞ்சிய நேரத்தில், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு உழைத்து 1929இல் அவர் அப்பொறியைச் செய்து முடித்தார். மரத்தினாலான சிறு விமான உடல். குட்டைச் சிறகும் வாலும். உள்ளே ஓர் ஆசனம். உடலின் நடுப்பகுதி எப்பக்கமும் சாயக்கூடிய மூட்டொன்றின்மேல் நின்றது. கீழே நான்கு துருத்திகள். மின்சாரத்தால் இயங்கும் உறிஞ்சு பம்பி ஒன்று. மாணவன் தண்டை முன்னே தள்ளினால் ஒரு வாயில் திறக்கும். முன்பக்கத் துருத்தியின் காற்று உறிஞ்சப்பட்டு அது சுருங்கும். பொறியின் மூக்கு தாழும். இடப்பக்கம் சாய்த்தால் இடப்பக்கத் துருத்தி சுருங்கும். மிதியை அழுத்தினால், துருத்திகளாலேயே ஆன மோட்டர் ஒன்று பொறி முழுவதையும் சுழற்றும். பியானோவின் சுத்தியலை இழுத்த அதே துருத்தி, இங்கே மனிதன் ஒருவனை ஏந்திக்கொண்டு அசைந்தது. 1931இல் இதற்கு உரிமைப் பத்திரமும் கிடைத்தது.

வாங்குவாரைத்தான் காணோம். உலகெங்கும் பொருளாதாரம் நொறுங்கிக் கிடந்த ஆண்டுகள் அவை. விமானப் பாடசாலைகளும் படையினரும் இதனை விளையாட்டுப் பொருளென ஒதுக்கினர். களியாட்ட மைதானங்களே வாங்கின. காசு போட்டு ஏறிச் சிறுவர் குதூகலித்தனர். லிங்க் மனந்தளராது, அப்பொறியைக் கொண்டே பிங்ஹாம்டனில் தாமே ஒரு பறப்புப் பாடசாலை நடத்தினார். 1931இற் பத்திரிகையாளரான மரியன் கிளேற்றன் அம்மையாரை மணந்தார். கணவரின் முயற்சிகள் யாவற்றிலும் அவ்வம்மையாரின் கையும் உண்டு. பேசும் படங்கள் வந்து ஓர்கன் வியாபாரம் படுத்துவிடவே, லிங்க் பிழைப்புக்காக வேறொரு வித்தையும் செய்தார். விமானத்தின் சிறகுக்குக் கீழே மின்விளக்குகளை எழுத்துக்களாகக் கோத்து, பியானோவின் துளைச் சுருளைக் கொண்டே அவற்றை மாற்றி மாற்றி ஏற்றி, இரவு வானத்தில் விளம்பரம் காட்டினார். இருட்டிற் பறக்கப் பறக்க, வெளியே பார்க்காது கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பழக்கம் அவருக்கு வாய்த்தது. அப்பழக்கமே அவரது தலைவிதியை மாற்றியது.

இவ்விடத்தில் ஒன்று விளக்க வேண்டும். நுவரெலியாவிலோ ஹற்றனிலோ வாழ்வோர் பனிமூட்டத்தினுள் நடந்து பழகியவர்கள். பத்தடிக்கு அப்பாலுள்ள தேயிலைச் செடியும் கண்ணுக்குத் தெரியாத வேளையிலும் நாம் தடுமாறி விழுவதில்லை. காலுக்குக் கீழே நிலம் இருப்பதால் மேல் எது கீழ் எது என்பது தெரிகிறது. மேகத்தினுள் இருக்கும் விமானிக்கு அந்த நிலம் இல்லை. உட்செவியிலுள்ள அரைவட்டக் கால்வாய்களே அவனுக்குச் சமநிலையைச் சொல்ல வேண்டும்; அவையோ விமானம் மெதுவாகச் சாய்ந்தால் அதை உணர்வதேயில்லை. விமானம் சாய்ந்து சுருண்டு கீழிறங்கிக்கொண்டிருக்கையில், நேராகச் செல்வதாகவே உடம்பு சாதிக்கும். கருவியின் முள் ஒன்று சொல்ல, உடம்பு மற்றொன்று சொல்லும். முள்ளை நம்பி உடம்பை மறுத்தல் எளிதன்று. அது பழக்கத்தால் வருவது. அப்பழக்கத்தை வானத்தில் தேடப்போன பலர் திரும்பவில்லை.

1934ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்க சனாதிபதி ரூஸ்வெல்ட், தனியார் கம்பெனிகளுடனான விமானத் தபால் ஒப்பந்தங்களை இரத்துச் செய்து, அப்பணியை இராணுவ விமானப்படையிடம் ஒப்படைத்தார். கடுங்குளிர் காலம், பனியும் புயலும். கருவிகளைக் கொண்டு பறக்கப் போதிய பயிற்சி பெறாத இளம் விமானிகள் தபாற் பைகளுடன் இரவிற் புறப்பட்டனர். சில வாரங்களுள் ஏறக்குறைய 12 பேர் மாண்டனர். நாடு கொதித்தெழுந்தது. அப்பொழுதுதான் பிங்ஹாம்டனில் ஒருவர் செய்து வைத்திருக்கும் பெட்டி அதிகாரிகளின் நினைவுக்கு வந்தது.

நியூவார்க் விமானக்களத்தில் சந்திப்பதென ஏற்பாடாயிற்று. அன்று களத்தை மூடுபனி மூடிக்கிடந்தது. இந்த நிலையில் யாரும் பறந்து வர முடியாது என்று முடிவுசெய்து அதிகாரிகள் புறப்பட ஆயத்தமானார்கள். அவ்வேளை மேலே விமானத்தின் ஓசை கேட்டது. பனியைப் பிளந்துகொண்டு லிங்க் வந்து இறங்கினார். கருவிகளை நம்பிப் பழகினால் என்ன செய்யலாம் என்பதற்கு அதனினும் வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இராணுவம், ஒன்று 3,500 டொலர் வீதம் ஆறு பொறிகளை வாங்கியது. களியாட்ட மைதானத்தின் விளையாட்டுப் பொருள் படைக்கலமாயிற்று.

பொறியும் அதற்கேற்ப வளர்ந்தது. நீல வர்ணம் பூசப்பட்டமையால் நீலப் பெட்டி என்றே உலகெங்கும் பெயர் பெற்றது. மாணவன் ஏறியதும் மூடி இழுத்து மூடப்படும், உள்ளே இருட்டு, கண்முன்னே கருவிகளின் முட்கள் மாத்திரம். வெளியே ஒரு மேசையில் ஆசிரியர் அமர்ந்திருப்பார். அவர் முன்னும் அதே கருவிகள் இருக்கும். ஒலிவாங்கி மூலம் அவர் விமானநிலையத்தாராகப் பேசுவார். கண்ணாடி மேசைமேல் விரித்த வரைபடத்தில், நண்டு எனச் செல்லமாக அழைக்கப்பட்ட மூன்று சக்கரச் சிறு வண்டியொன்று மையினாற் கோடு இழுத்துக்கொண்டே ஊரும். மாணவன் பறந்த பாதை அது. எங்கே தவறினான் என்பதை அந்தக் கோடு மறைக்காமற் காட்டிவிடும். காற்றைக் கொந்தளிக்கச் செய்யும் ஏற்பாடும் இருந்தது. கருவி ஒன்றைக் கெட்டுப்போனதாகப் பாவித்து மூடிவிட்டு, எஞ்சியவற்றைக் கொண்டு வந்து சேருமாறு பணித்தலும் உண்டு. உயரமானியின் முள் பூச்சியத்தைத் தொட்டுவிட்டால் மாணவன் செத்தான் என்பதே கணக்கு. ஆனால் மூடியைத் திறந்துகொண்டு, வேர்வையைத் துடைத்தவாறு, வெட்கத்துடன் இறங்கி வருவான். மறுநாளும் ஏறுவான்.

இரண்டாம் உலகப்போரில் 10,000க்கும் மேற்பட்ட நீலப் பெட்டிகள் செய்யப்பட்டன. ஐந்து இலட்சம் விமானிகள் அவற்றிற் பழகினர் என்பர். போருக்கு முன்னரே, 1935இல், சப்பானியக் கடற்படையும் சிலவற்றை வாங்கியிருந்தது என்பதை இங்கே குறிக்காமலிருக்க முடியவில்லை. 1942 ஏப்ரலிற் கொழும்பையும் திருகோணமலையையும் குண்டு வீசித் தாக்கியவை அக்கடற்படையின் விமானங்களே. கருவி யார் கையிலும் ஒரே பாடத்தையே சொல்லிக் கொடுக்கும், எதற்கெனக் கேட்பதில்லை. போர்க்காலத்தில் லிங்க் மற்றொரு விந்தையும் செய்தார். 45 அடி உயரக் கட்டடத்தினுள், குண்டுவிமானமொன்றின் பணியாளர் அனைவரையும் அமர்த்தி, தலைக்கு மேலே செயற்கை விண்மீன் மண்டலத்தைச் சுழலவிட்டு, நட்சத்திரங்களைக் கொண்டு இரவில் வழி காணப் பழக்கும் பொறி அது. வழி காணும் கலையில் வல்லவரான வீம்ஸ் என்னும் கடற்படை அதிகாரி அதில் அவருக்குத் துணைநின்றார்.

துருத்திகள் போய், இன்று கணனியும், எண்ணெய் அழுத்தத்தாலோ மின்சாரத்தாலோ நீண்டு குறுகும் ஆறு கால்களும் வந்துவிட்டன. சிமுலேட்டர் என்னும் பெயரில் வழங்கும் அப்பெரும் பொறிகளினுள் அமர்ந்தவருக்குக் கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதையும் மழையும் மின்னலும் தெரியும். அங்கே பழகும் பாடங்களிற் கடினமானவை பல, விமானம் தரையை விட்டு எழாத நிலையிலேயே நிகழ்பவை என்பது மாணவருக்கு வியப்பளிக்கலாம். எஞ்சினைத் தொடக்கும்போதே வெப்பமானியின் முள் எல்லையைக் கடந்து ஏறும். அந்தச் சில கணங்களுள் எரிபொருளை நிறுத்தாவிடின் எஞ்சின் கருகிவிடும். ஓடுபாதையில் விரைகையில் எஞ்சின் ஒன்று நின்றுவிட்டால் என்ன செய்வது? ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு தீர்மான வேகம் முன்னரே கணிக்கப்பட்டிருக்கும். பெரிய விமானமொன்றுக்கு அது மணிக்கு 150 மைலை ஒட்டியிருக்கும். பாரத்துக்கும் பாதையின் நீளத்துக்கும் ஏற்ப மாறும். அவ்வேகத்துக்குக் குறைவாயின் உடனே நிறுத்த வேண்டும். கடந்துவிட்டால், எஞ்சியுள்ள எஞ்சினைக் கொண்டு எழுந்தே தீர வேண்டும். கடந்த பின் நிறுத்த முயன்றால் பாதை முடிந்துவிடும். இதை ஆலோசிக்க ஒரு வினாடிகூட இல்லை. கை தானே செய்ய வேண்டும். உண்மை விமானத்தில் இதனைப் பழகுவது சாவுடன் விளையாடுவதாகும். சிமுலேட்டரிலோ ஆசிரியர் ஒரு பொத்தானை அமுக்கி எஞ்சினை அணைக்கிறார், மாணவன் பிழைவிடுகிறான், ஆசிரியர் மற்றொரு பொத்தானை அமுக்க, விமானம் மீண்டும் ஓடுபாதையின் தொடக்கத்தில் நிற்கிறது.

ஆனால் இப்பொறி, செய்தவர் முன்கூட்டி நினைத்த பிழைகளையே கற்பிக்கும், நினையாததைக் கற்பிக்காது. 1977 மார்ச் 27இல் கனரித் தீவுகளின் தெனெரீப் விமானநிலையத்தில், பனிமூட்டத்தினிடையே, ஓடுபாதையிலேயே இரண்டு பெரிய விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். அனுமதி கிடைக்குமுன் விரையத் தொடங்கிய விமானத்தின் தலைமை விமானி, பத்து ஆண்டுக்கு மேலாகப் பிறரைப் பயிற்றி வந்தவர். பயிற்சிப் பொறியில் நிலையத்தாரின் அனுமதிக்குக் காத்திருக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை, ஆசிரியரே அனுமதி கொடுப்பவர் என்பதை விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. அதன் பின்னரே, ஒருவனின் கைத்திறனை மாத்திரமன்றி, பணியாளர் ஒருவரையொருவர் கேட்டுத் திருத்திக்கொள்ளும் முறையையும் பொறியினுள் வைத்துப் பழக்குவது எங்கும் பரவியது. நமது ஏழு கன்னியர் மலை விபத்துக்கு மூன்று நாள் முன்னர் அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்திலும் ஒரு விமானம் மலையில் மோதி 92 பேர் மாண்டிருந்தனர். நிலம் நெருங்குவதை விமானிக்கு உரத்துக் கூவி எச்சரிக்கும் கருவியை அமெரிக்க அரசு கட்டாயமாக்கியது அக்காலத்திலேதான். அக்கூவல் கேட்டதும் கேள்வி கேளாது மூக்கை நிமிர்த்தி ஏறுதல் இன்று சிமுலேட்டரில் எல்லோரும் பழகும் பாடம். மஸ்கெலியாப் பகுதி மலையில் மாண்ட யாத்திரிகருக்கு அது பிந்தி வந்த பாடம்.

லிங்கின் பிற்கால வாழ்வு வானத்தில் இல்லை, கடலிலே. 1954இற் கம்பெனியைப் பிறரிடம் கையளித்த பின், தம் கப்பலில் மரியன் அம்மையாருடன் மூழ்கிய கப்பல்களையும் நகரங்களையும் தேடலானார். 1692இல் நிலநடுக்கத்தாற் கடலுள் அமிழ்ந்த யமேக்காவின் போர்ட் ரோயல் நகரை 1959இல் ஆராய்கையில் எடுத்த சட்டைப்பைக் கடிகாரமொன்று, நகர் அமிழ்ந்த வேளையைக் காட்டி 11 மணி 43 நிமிடத்தில் நின்றிருந்தது. மனிதன் கடலடியில் நாட்கணக்கில் தங்கவேண்டுமென்ற ஆசை அவரை ஆட்கொண்டது. 1962இல் மத்தியதரைக் கடலில் அலுமினிய உருளையொன்றைச் செய்து இறக்கி, முதலில் தாமே அதனுள் இறங்கினார். அப்போது அவருக்கு 58 வயது. அடுத்து, பெல்ஜிய நாட்டு றொபேட் ஸ்டெனுயி 200 அடி ஆழத்தில் ஒரு நாளுக்கு மேல் தங்கினார். 1964இல் அவரும் யோன் லின்ட்பேர்க்கும் 432 அடி ஆழத்தில் இரண்டு நாள் வாழ்ந்தனர். அட்லாண்டிக்கைத் தனியே பறந்து கடந்த சார்ள்ஸ் லின்ட்பேர்க்கின் மைந்தரே இந்த யோன்.

1971இல் அவரது நீர்மூழ்கி ஒன்று கடலில் இறக்கப்பட்டது. முன்பக்கம் தெளிந்த அக்கிரிலிக்காலான பெரிய கோளம். அதில் இருவர் அமர்ந்து எப்பக்கமும் பார்க்கலாம். பின்பக்கம் அலுமினியத்தாலான அறை. அதில் முக்குளிப்போர் இருவர். 1973 ஜூன் 17ஆம் திகதி, புளோரிடாவின் கீ வெஸ்ட் தீவுக்கு அண்மையில், மீன்கள் தங்குவதற்கென வேண்டுமென்றே அமிழ்த்தப்பட்ட பழைய போர்க்கப்பலொன்றைப் பார்வையிடப் போன அந்நீர்மூழ்கி, 360 அடி ஆழத்தில் அதன் கம்பிகளிற் சிக்கிக்கொண்டது. பின்னறையில் இருந்த இருவரில் ஒருவர் அல்பேர்ட் ஸ்டோவர்; மற்றவர் லிங்கின் மகன் கிளேற்றன் லிங்க், வயது 31.

மூச்சில் வெளிவரும் கரியமிலவாயுவை உறிஞ்சும் இரசாயனப் பொருள் இரு அறைகளிலும் இருந்தது. அக்கிரிலிக் குளிரை எளிதில் உள்ளே விடாது. முன்னறை ஓரளவு கதகதப்பாய் இருந்தது. அலுமினியமோ கடலின் குளிரை அப்படியே உள்ளே கொணர்ந்தது. குளிரில் அந்த இரசாயனம் தன் வேலையைச் செய்யாது சோர்ந்தது. கடற்படையினரும் முக்குளிப்போரும் மேலிருந்து ஒரு பகலும் ஓர் இரவும் முயன்று, கடைசியில் நீர்மூழ்கியை மேலே எடுத்தபோது முன்னறையிலிருந்த இருவர் உயிருடன் இருந்தனர். பின்னறையிலிருந்த இருவரும் மாண்டிருந்தனர்.

அலுமினியம் குளிரைக் கடத்தும் என்பது முதலாம் படிவத்து மாணவனுக்கும் தெரிந்த செய்தி. குளிர்ந்த இரசாயனம் மந்தமாகும் என்பதும் புதிதன்று. இரண்டையும் சேர்த்து, நீர்மூழ்கி சிக்கி ஒரு நாளுக்கு மேல் கிடந்தால் என்ன ஆகும் என்று நிலத்தில் ஒருநாள் பாவனை செய்து பார்த்திருந்தால் வெளிப்பட்டிருக்கும். பாவனை செய்து பார்க்கும் வித்தையை உலகுக்குக் கற்பித்தவரின் சொந்தப் பொறியிலேயே அந்தச் சோதனை விடுபட்டிருந்தது. இதனைக் குற்றமாகச் சொல்ல எழுதவில்லை. அன்னாரின் வரலாற்றை எழுதுவோர் பலர் இப்பகுதியைச் சுருக்கி விட்டுவிடுகின்றனர். நாம் அப்படி விடுவது தகாது.

மகனைப் புதைத்த தந்தை கடலை விட்டு ஓடவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளைச் செலவிட்டு, ஆளில்லாது கம்பி வடத்தின் மூலம் மேலிருந்தே இயக்கக்கூடியதாய், கடலடியிற் சிக்கிய நீர்மூழ்கியைக் கண்டு விடுவிக்கும் பொறியொன்றை அமைத்தார்.

முதுமையில் லிங்க் மீண்டும் ஓர்கனுக்கே திரும்பினார். தந்தையாரின் தொழிற்சாலை செய்த திரையரங்கு ஓர்கன் ஒன்றைத் தேடிப் பிடித்து, துருத்திகளையும் குழல்களையும் சீர்செய்து, பிங்ஹாம்டனிலுள்ள ரொபர்சன் நிலையத்துக்குக் கொடுத்தார். 1981 செப்டெம்பர் 7ஆம் திகதி அந்நகரிலேயே காலமானார். அந்நகரத்து விமானக்களம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நீலப் பெட்டிகள் பல நாடுகளின் பொருட்காட்சிச் சாலைகளில் உள்ளன. மரியன் அம்மையார் 1995 வரை வாழ்ந்திருந்தார்.